சிறார் நாவலில் பாத்திர வார்ப்பு: சில மரபுகள், சில அளவுகோல்கள்

பிடித்த நாவலைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். புதையல் யாருக்குக் கிடைத்தது, யார் தப்பினார்கள் என்பதெல்லாம் முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். அப்புறமும் அவர்களை இழுப்பது கதைக்குள் இருக்கும் ஆள்தான். அந்த ஆளை வளர்த்தெடுப்பதில் உலகச் சிறார் நாவல் நான்கு வழிகளைக் கண்டிருக்கிறது.

முதலாவது, திருத்திக் காட்டும் மரபு. கார்லோ கொலோடியின் 'பினோக்கியோ' 1881 முதல் இத்தாலியச் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக வந்து, 1883-ல் நூலானது. புத்தி சொல்ல வந்த சிள்வண்டின் மேல் சுத்தியலை வீசுகிறவன் இந்த மரப்பொம்மை. எவர் சொல்லியும் கேட்காதவன், கடைசியில் நோயுற்ற தகப்பனுக்கு ஒரு குவளைப் பால் வேண்டுமென்று நூறு வாளித் தண்ணீர் இறைக்கிறான். அவனைத் திருத்தியது அந்த உழைப்பு. அறிவுரை மரபின் தலைசிறந்த நாவலே அறிவுரையை நம்பவில்லை என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இரண்டாவது, சாகச மரபு. அதே 1883-ல் நூலாக வந்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுவன் ஜிம், காவலில் இருக்க வேண்டிய நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் நழுவிப் போகிறான். செய்தது தவறென்று அவனுக்கே தெரியும். ஆனால் கொள்ளையர் வசமிருந்த கப்பலை மீட்டது அந்தத் தவறுதான். கொள்ளையர் தலைவன் ஒற்றைக்கால் சில்வரோ கொலைக்கு அஞ்சாதவன். அவனே ஜிம்மிடம் வாஞ்சை காட்டுகிறான். அவனை வெறுப்பதா விரும்புவதா என்று கடைசிப் பக்கம் வரை வாசகர் தவிக்கிறார். அந்தத் தவிப்புதான் நாவலின் சுவை.

மூன்றாவது, வீட்டுக்குள் வளரும் மரபு. என் கணக்கில் நான்கிலும் வளமானது இதுதான். லூயிசா மே அல்காட்டின் 'லிட்டில் விமன்' (1868) நாவலில், ஜோ எழுதி வைத்த கதைகளைத் தங்கை ஏமி எரித்துவிடுகிறாள். அது தெரியவந்த மறுநாள் உறைந்த ஆற்றில் சறுக்கப் போகும்போது, நடுவில் பனி மெலிந்திருப்பது ஜோவுக்குத் தெரியும். கோபத்தில் தங்கையிடம் சொல்லாமல் விடுகிறாள். பனி உடைந்து ஏமி தண்ணீரில் விழுகிறாள். பிழைத்த தங்கையின் அருகில் அழும் மகளிடம், நாற்பது வருடமாகத் தானும் கோபத்தோடு போராடுவதாகத் தாய் சொல்கிறாள். பெரியவர்களும் இன்னும் வளர்ந்து முடியவில்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் பெரிய ஆறுதல்.

பர்னெட்டின் 'ரகசியத் தோட்டம்' (1911) இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்தியாவில் ஆயாக்களை அதட்டி வளர்ந்த ஆங்கிலேயச் சிறுமி மேரி, காலராவில் பெற்றோரை இழந்து யார்க்ஷயர் மாளிகைக்கு வருகிறாள். முகம் சுளிக்கும், அடம்பிடிக்கும், எவருக்கும் பிடிக்காத பெண். அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கும் காலின், முதுகில் கூன் விழுகிறது என்ற பயத்தில் ஓர் இரவு வீடே அதிர அலறுகிறான். எல்லாரும் நடுங்கி நிற்க, மேரி உள்ளே பாய்ந்து அவனைவிட உரக்கக் கத்துகிறாள். முதுகைக் காட்டச் சொல்லி உற்றுப் பார்க்கிறாள். குண்டூசி முனையளவு புடைப்புகூட இல்லை என்று அடித்துச் சொல்கிறாள். நல்ல பிள்ளையால் முடியாத வைத்தியம் அது. அவளுடைய அடம் அகலவில்லை. பிறருக்கு உதவும் வகையில் திசை மாறியது.

நான்காவது, மாறாத பாத்திர மரபு. ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1945-ல் நூலாகத் தந்த சிறுமி பிப்பி முதலும் முடிவும் ஒரே பிப்பிதான். அவள் பக்கத்தில் நிற்கும் டாமியும் அன்னிகாவும் துணிச்சல் பழகுகிறார்கள். ஈ. பி. ஒயிட்டின் 'சார்லட்டின் வலை' (1952) கதையில் டெம்பிள்டன் என்ற எலியும் கடைசி வரை தின்னிப்பண்டாரம்தான். தொட்டித் தீனியில் முதல் பங்கு தருவதாகப் பன்றிக்குட்டி வில்பர் வாக்களித்த பிறகே, வில்பரின் தோழியான சிலந்தி சார்லட்டின் முட்டைப் பையை எடுத்துத் தருகிறது. உயிருக்குப் பயந்து அழுத வில்பர், தோழிக்காகத் தன் சோற்றையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருப்பது அந்தப் பேரத்தில் வெளிப்படுகிறது.

இவற்றை வைத்துப் பார்த்தால் அளவுகோல்கள் மூன்று. பாத்திரத்தின் குறை மெய்யானதா, யாருக்காவது வலிக்கிறதா? மாற்றம் பிள்ளையின் சொந்தச் செயலால் வருகிறதா, பெரியவர் உபதேசத்தால் வருகிறதா? திருந்திய பிறகும் அந்தப் பிள்ளை அதே பிள்ளையாக இருக்கிறதா? மூன்றாவதில்தான் பெரும்பாலான நாவல்கள் தவறுகின்றன. துடுக்குப் பையனைச் சாதுவாக்கி முடித்துவிடுகிறார்கள். அவனோடு சிரித்துக்கொண்டு வந்த வாசகப் பிள்ளை தன் கூட்டாளியை இழக்கிறது. சிறாருக்கு எழுதுகிறவர்கள் தங்கள் நாயகரின் குறையை நேசிக்கக் கற்க வேண்டும். ஏனென்றால் படிக்கிற பிள்ளைக்கும் அதே குறை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே நல்லது செய்ய முடியும் என்று அதற்குத் தெரிய வேண்டும்.