ஒற்றனின் உறுதி

ஒற்றர் கதைகள் நம்மை ஏன் ஈர்க்கின்றன? மறைந்திருப்பதை அறியும் ஆவல் மனித இயல்பு. அந்த ஆவலுக்கு விருந்து வைத்தது 1986-இல் வெளிவந்த ‘விக்ரம்’. சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதிய கதை அது. கடத்தப்பட்ட ஏவுகணை, கற்பனை நாடு, இனிய பாடல்கள் என எல்லாம் உண்டு. நாயகனின் மனைவி தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறாள். அத்துயரமோ சாகச வேகத்தில் கரைந்துபோகிறது.

பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புனல்’ (1995) அத்தகைய துயரத்தை எளிதில் கடந்துவிடவில்லை. கோவிந்த் நிஹலானியின் ‘துரோக்கால்’ என்னும் இந்திப் படத்தின் தழுவல் இது. பாடல் ஒன்றுகூட இல்லை. தீவிரவாதிகளிடையே ஒற்றரை ஊடுருவச் செய்த காவல் அதிகாரி ஆதிநாராயணன், தன் குடும்பத்துக்கு வந்த மிரட்டலுக்குப் பணிந்து, தானே எதிரிக்கு உளவு சொல்பவனாகிறான். கமல்ஹாசனும் நாசரும் எதிரெதிரே அமரும் விசாரணைக் காட்சிகளில் துப்பாக்கியைவிடச் சொல்லே அச்சுறுத்துகிறது. வன்முறைக் காட்சிகள் சில அளவு மீறுவது குறையே.

யார் என்ன செய்தாலும் தளராதவனே ஒற்றன் என்கிறது திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம். தன்மேல் விழும் அடியை ஒருவன் தாங்கிவிடலாம். தன் பிள்ளைமேல் விழப்போகும் அடியை? இந்தக் கேள்வியை எழுப்பியதே படத்தின் வெற்றி. துரோகத்தை அது நியாயப்படுத்தவில்லை. துரோகியை எளிதாக வெறுத்துவிட்டு எழுந்துபோகவும் நம்மை விடவில்லை. அச்சத்தால் மறுதலித்து, பின் மனங்கசந்து அழுத பேதுருவை அறிந்த நமக்கு, ஆதிநாராயணன் அந்நியன் அல்லன்.