ஃபாயில் எங்கே?

செய்தவன் பெயரை மறைத்துச் செயலை மட்டும் உரைக்கும் வினையை அரபு இலக்கணத்தார் 'மஜ்ஹூல்' என்பர். ஃபாயிலாகிய கர்த்தாவை மறைப்பதற்குக் காரணங்கள் பல: அவன் யாவரும் அறிந்தவனாயிருக்கலாம், எவரும் அறியாதவனாயிருக்கலாம், அவனுக்கு அஞ்சியும் மறைக்கலாம், அவனுக்குத் தீங்கு நேருமென்று அஞ்சியும் மறைக்கலாம். வடசென்னையின் துறைமுகமும் ஆலைகளும் ஆபத்துக் காலங்களில் வெளியிட்ட அறிக்கைகளை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு வாசித்தால், கடைசிக் காரணமே பொருந்தக் காண்கிறோம்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதின. எண்ணெயால் மாசு ஏதுமில்லை என்பதே காமராசர் துறைமுகம் முதலில் தந்த செய்தி. சில நாட்களுக்குள் அந்த 'ஏதுமில்லை'யைத்தான் கரையோரத்து மக்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றில் பரவி, வலைகளும் படகுகளும் கறுத்தன. தம் குழாய்களில் கசிவில்லை என்றது மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனம். அவ்வாலையின் வளாகத்தை ஒட்டியே மழைநீரோடு எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் கூறிற்று. அதே மாதம் 26 ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினர். கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்திருந்தது. ஆலையின் அறிக்கையோ அதனை வழக்கத்துக்கு மாறானதொரு நிலை என்ற அளவில் குறித்தது. மூச்சுத் திணறலுக்கு இத்துணை மிருதுவான சொல்லை எந்த நிகண்டிலும் நான் கண்டதில்லை.

விசாரணைக்கு முன் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வது நியாயமா எனச் சிலர் வினவலாம். நியாயமன்று. ஆனால் விசாரணைக்கு முன் மறுப்பது மட்டும் எங்ஙனம் நியாயமாகும்? இரண்டுக்கும் நடுவே 'தெரியவில்லை, ஆராய்கிறோம்' என்றொரு சொல் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல வினாக்களுக்கு 'லா அத்ரீ', அறியேன், என்றே விடையளித்தது பிரசித்தம். அதனால் அவர்கள்பால் மக்கள் வைத்த நம்பிக்கை வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. மக்களின் நம்பிக்கையும் ஓர் அமானிதம்; அதனைப் பெற்றவர் பொறுப்பைப் பேரேட்டில் மட்டும் காட்டிவிட முடியாது.

கொருக்குப்பேட்டையில் என்னிடம் நஹ்வு ஓதும் பிள்ளைகளிடம், அந்த எண்ணெய் வெள்ளத்தைப் பற்றிய செய்தியைத் தந்து வாக்கியம் பிரிக்கச் சொன்னேன். "ஃபாயில் மழை, ஹஜ்ரத்" என்றான் ஒருவன். இலக்கணப்படி அவன் விடை சரியே. மதிப்பெண் குறைக்க எனக்கு வழியில்லை.