முப்பத்தாறாவது கூடத்தைச் சிரிக்காமல் பார்ப்பது

1960, 70களில் ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனம் எடுத்துக் குவித்த குங்ஃபூ படங்களை இன்று தேடிப் பார்ப்பவர்களுக்கு அவற்றின் அசட்டுத்தனம்தான் முதல் ருசி. வாயசைவு ஒரு பக்கம் போக, வசனம் இன்னொரு பக்கம் போகும். வில்லன் வெண்புருவத்தைத் தடவிச் சிரிக்கும் நேரம் பார்த்து கேமரா அவன் முகத்துக்குப் பாயும். வெறுங்காற்றில் கை வீசினாலும் சாட்டையடிச் சத்தம் கேட்கும். இதை ரசிப்பதில் தவறே இல்லை, நானும் ரசிக்கிறேன். ஆனால் அந்தப் படங்களின் உயர்ந்த கலையையும் மெய்யான இழிவையும் பழைய படங்களின்மீதான இந்த ஏக்கம் ஒரே சிரிப்பில் கரைத்துவிடுகிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சிரிக்கவைக்கும் குறைகள் பலவும் தொழில்முறையிலிருந்து வந்தவை. அன்றைய ஹாங்காங்கில் படப்பிடிப்பின்போது ஒலி பதிவதில்லை. மாண்டரின், கான்டனீஸ், ஆங்கிலம் என்று எந்தச் சந்தைக்கு வேண்டுமோ அந்த மொழியில் பிறகு குரல் கொடுத்தார்கள். அந்த அவசரத்துக்கு நடுவிலும் சண்டைக் காட்சிக்கு மட்டும் பொறுமை இருந்தது. கேமரா விலகி நின்று தலை முதல் கால்வரை காட்டும். அடியும் தடுப்பும் வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் நீளும். ஆடுபவருக்கு வித்தை தெரியாவிட்டால் ஒளிந்துகொள்ள இடமில்லை. இன்றைய படங்களில் அரை நொடிக்கு ஒரு வெட்டு விழுகிறது. யார் யாரை அடித்தார் என்று ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

லாவ் கார்-லியுங் இயக்கிய ‘ஷாவ்லினின் 36ஆவது கூடம்’ (1978) இதன் உச்சம். ஹுங் கார் வித்தையை வழிவழியாகக் கற்ற குடும்பத்தில் பிறந்தவர் அவர். கோர்டன் லியூ ஏற்ற சான் டே, பழிவாங்கத் துடித்து மடத்துக்கு வருகிறான். படம் அவனை அவசரப்படுத்துவதில்லை. முதலில் மிதக்கும் கட்டைகள்மேல் தாவிப் போனால்தான் சாப்பாட்டுக் கூடத்தை அடைய முடியும். பிறகு புஜங்களில் கத்தி கட்டிக்கொண்டு, கைகளை நீட்டியபடி வாளிகளில் நீர் சுமக்கவேண்டும். கை தாழ்ந்தால் கத்தி விலாவில் குத்தும். கதையின் பெரும்பகுதி இந்தப் பயிற்சிதான். திறமை என்பது உடம்பில் மெல்ல ஊறுவது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன சண்டைப்படம் வேறொன்றை நான் கண்டதில்லை.

இந்தப் படத்தோடு அதே கூடையில் போடப்படுபவற்றையும் பார்க்கவேண்டும். 1973இல் புரூஸ் லீ இறந்ததும் புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்ற பெயர்களில் போலிகளை இறக்கி, ஒரு மனிதரின் சாவையே வியாபாரமாக்கினார்கள். ஷா நிறுவனத்துக்கு வெளியே ஜிம்மி வாங் யூ எடுத்த ‘பறக்கும் கில்லட்டினின் ஆசான்’ படத்தில் (1976) கை நீளும் இந்திய யோகி ஒருவர் வருகிறார். சீன நடிகரின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி உருவாக்கிய பாத்திரம் அது. இந்தியர்கள் அதை விளையாட்டாக விட்டுவிடவேண்டியதில்லை. பெண்களுக்குக் கிடைத்த இடமும் சீராக இல்லை. ‘என்னோடு குடிக்க வா’ (1966) படத்தில் செங் பெய்-பெய் நாயகியாகவே வாளேந்தினார். அடுத்த சில ஆண்டுகளில் ஷா நிறுவன இயக்குநர் சாங் சேயின் படங்கள் ஆண்களின் நட்பும் ரத்தமுமாக மாறின. பெண்கள் ஓரத்துக்குப் போனார்கள்.

எல்லாவற்றையும்விட உறுத்துவது உடம்புகளின் விலை. ஜாக்கி சானும் சம்மோ ஹுங்கும் சிறுவயதிலேயே பீக்கிங் ஓபரா பள்ளியில் விடப்பட்டு, பிரம்படிக்கு நடுவே வித்தை கற்றவர்கள். நாம் வியக்கும் அந்தக் குட்டிக்கரணத்துக்குள் அடிவாங்கிய ஒரு குழந்தை இருக்கிறது.

இருந்தும் ஏக்கத்துக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். நியூயார்க்கின் மலிவுத் திரையரங்குகளில் இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் 1993இல் வூ-டாங் கிளான் ராப் குழுவின் முதல் ஆல்பத்துக்கு 36 கூடங்களின் பெயரைச் சூட்டினார்கள். ‘கில் பில்’ படங்களில் டரன்டினோ கோர்டன் லியூவுக்கு இரண்டு வேடங்கள் தந்தார். 2000இல் செலஸ்டியல் நிறுவனம் ஷா படத் தொகுப்பை வாங்கிச் சீரமைத்தது. யாரும் ஏங்காமல் இருந்திருந்தால் அந்தச் சுருள்கள் கிடங்கிலேயே மக்கியிருக்கும்.

கேலித் துணுக்குகளாக மட்டும் இவற்றைப் பார்த்தவர்கள் ‘36ஆவது கூடம்’ ஒன்றையாவது முழுப் படமாக, சீன ஒலியில், கீழே ஓடும் எழுத்துகளோடு பாருங்கள்.