மருத்துவ அறிவைப் பகிரும் மொழி – ஒரு மதிப்பீடு

நோய்க்கு நோய் மருத்துவ நெறிமுறைகள் நூல்களில் உள்ளன. அவற்றைக் கணிப்பொறிக்குப் புரியும் வகையில் ஒருமுறை எழுதிவிட்டால், எல்லா மருத்துவமனைகளும் பயன்படுத்தலாம் அல்லவா? இந்த எண்ணத்துடன் 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ஆர்டன் ஹோம்ஸ்டெட் என்னுமிடத்தில் வல்லுநர்கள் கூடினர். அதன் பயனாக உருவான மொழியே 'ஆர்டன் சின்டாக்ஸ்'. 1992-இல் அது தரநிலையாக ஏற்கப்பட்டது.

இம்மொழியில் ஒரு முடிவுக்கு ஒரு தொகுதி எழுதப்படுகிறது. டிஜாக்சின் என்னும் இதய மருந்தை உட்கொள்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால், அம்மருந்தே நஞ்சாகக்கூடும். எனவே பொட்டாசியம் சோதனை முடிவு வந்தவுடன் தொகுதி செயற்படத் தொடங்கும். மருந்துப் பட்டியலைப் பார்க்கும். தேவையாயின் மருத்துவரை எச்சரிக்கும். எழுதியவர் யார், சான்று எது என்பனவும் அதிலேயே குறிக்கப்படும். மருத்துவரே படித்துப் பார்த்துத் திருத்தலாம். இவை இம்மொழியின் உண்மையான சிறப்புகள்.

ஆனால், பகிர்தல் என்னும் நோக்கம் நிறைவேறியதா? பொட்டாசியம் அளவு எங்கே, எப்பெயரில் பதிவாகியுள்ளது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். அப்பகுதியை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் அந்தந்த மருத்துவமனையே எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஆர்டன் விட்டுவிட்டது. விதி பயணம் செய்தது; அதன் பொருள் ஊரிலேயே தங்கிவிட்டது.

இதைச் சிறு குறை என்று எண்ணிவிடாதீர்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 என்பது நீரிழிவு நோய்க்கான எல்லை. இது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. பிரிட்டனிலோ லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு; அங்கே அதே எல்லை 7. '126-ஐ எட்டினால் எச்சரி' என்னும் விதியை அலகு பாராமல் அங்கே பொருத்தினால் என்ன ஆகும்? நோயாளியின் அளவு 20 ஆக இருந்தாலும், அதாவது நம் கணக்கில் 360 ஆக இருந்தாலும், கணிப்பொறி வாய் திறவாது. தவறு நேர்ந்ததாக அறிவிப்பும் வராது. இந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு மருத்துவமனைக்குள் எச்சரிக்கை தரும் கருவி என்ற அளவில் ஆர்டன் வெற்றியே. பகிரும் மொழி என்ற அளவில் அது பாதி வழியில் நின்றது. விதியைப் பகிருமுன் தரவின் பெயரையும் குறியீட்டையும் அலகையும் பொதுவாக்க வேண்டும் என்பதே அது கற்றுத்தந்த பாடம்.

அடுத்த முறை இரத்தச் சோதனைச் சீட்டு உங்கள் கைக்கு வரும்போது, எண்ணோடு நின்றுவிடாமல் அதன் அருகிலுள்ள அலகையும் படியுங்கள். அது இல்லையேல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.