கல்வெட்டுத் தரவுகளும் நிரலாக்க இடைமுகமும்: திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழகத் தொல்லியல் சான்றுகளை எண்மமாக்கும் பணி அண்மைக் காலத்தில் விரைவு பெற்றுள்ளது. கல்வெட்டுத் தொகுதிகளும் அகழாய்வு அறிக்கைகளும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. எனினும் ஒரு நூலைத் திரையில் காண்பது வேறு. அந்நூலில் அடங்கிய சான்று ஒவ்வொன்றையும் தனியே கேட்டுப் பெறுவது வேறு. இவற்றுள் இரண்டாவதற்குத் துணைசெய்வது ஏபிஐ எனச் சுருக்கமாக வழங்கும் பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம். ஒரு நிரல் வரையறுத்த வடிவில் வினா அனுப்ப, தரவுத்தளம் வரையறுத்த வடிவிலேயே விடை தரும் ஏற்பாடு இது.

இத்தகைய ஏற்பாட்டைத் தமிழகத் தொல்லியல் தரவுகள் தாங்குமா என்பதை அறிய எளிய வினா ஒன்று போதும்: எம்.ரெட்டியபட்டியைச் சுற்றி 25 கிலோமீட்டருக்குள் பதிவாகியுள்ள தொல்லியல் சான்றுகள் யாவை? அருப்புக்கோட்டை, திருச்சுழி சார்ந்த மானாவாரி நிலத்தில் அமைந்த ஊர் இது. உள்ளூர் ஆசிரியருக்கும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கும் இயல்பாக எழக்கூடிய இவ்வினாவைக் கொண்டு இன்றைய எண்மமாக்கத்தின் நிலையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பக்கமும் பதிவும்

வினாவுக்குரிய விடை ஓரிடத்தில் இல்லை. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துச் சிவன் கோயிற் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் பதினான்காம் தொகுதியில் உள்ளன. படியெடுத்த கல்வெட்டுகளின் சுருக்கக் குறிப்புகள் இந்தியக் கல்வெட்டியல் ஆண்டறிக்கைகளில் உள்ளன. களஆய்வில் வெளிப்படும் புதிய கல்வெட்டுகளைத் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் 1991 முதல் வெளியிட்டு வருகிறது. இதே மாவட்டத்தில் 2022 முதல் வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியுள்ளது; இவ்வட்டாரச் சான்றுகளை ஒப்பிட அதன் தரவுகளும் தேவை.

இவற்றுள் பெரும்பாலானவை எண்ம வடிவில் கிடைப்பினும் பக்கங்களாகவே கிடைக்கின்றன. பக்கத்தின் ஒளிவருடலைக் கணினி படமாக மட்டுமே அறியும். ஒரு கல்வெட்டு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது, அதன் அரசன் யார், நாடு எது என்பவற்றை அது அறியாது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மூலச் சான்றை அணுகும் உரிமை குறித்த முக்கியமான தலையீடு அது. ஆனால் மைப்படி அருகில் வருவதாலேயே அதன் செய்தி தேடத்தக்கதாகிவிடாது. பக்கம் பதிவாக மாற வேண்டும்.

கொள்கையளவில் தடை இல்லை. தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கையை இந்திய அரசு 2012இல் வெளியிட்டது. திறந்த இடைமுகங்களுக்கான கொள்கையை 2015இல் வெளியிட்டது. குறை தரவின் அமைப்பிலேயே உள்ளது.

ஊருக்கும் கல்லுக்கும் அடையாளம்

தென்மாவட்டங்களில் ரெட்டியபட்டி எனும் பெயருடைய ஊர்கள் பல. முன்னெழுத்தே இவ்வூரைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அம்முன்னெழுத்தும் சில ஆவணங்களில் விடுபடும். ‘ரெட்டியாபட்டி’ எனும் வடிவமும் வழக்கில் உண்டு. திருச்சுழியின் நிலை இன்னும் சிக்கலானது. கல்வெட்டு அதனைப் பருத்திக்குடி நாட்டுத் திருச்சுழியல் என்கிறது. உரோமன் எழுத்தில் அப்பெயர் பலவாறு எழுதப்படுகிறது. பழைய தொகுதிகள் இப்பகுதியை இராமநாதபுரம் மாவட்டத்தில் வைக்கின்றன. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் இது இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே ‘விருதுநகர்’ எனத் தேடுவோருக்குப் பள்ளிமடக் கல்வெட்டுகள் அகப்படா.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. பண்டைய உலகின் இடப்பெயர்களுக்கான பிளெயடீஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இடத்திற்கும் மாறாத எண் ஒன்றைத் தந்து, பல பெயர்களையும் அவ்வெண்ணின்கீழ்த் தொகுக்கிறது. இந்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் பராமரிக்கும் உள்ளாட்சி அடைவில் கிராமங்களுக்குக் குறியீட்டெண்கள் உள்ளன. கல்வெட்டு கூறும் ஊர், நாடு, பழைய வட்டம், இன்றைய வட்டம் ஆகியவற்றை அவ்வெண்ணோடு இணைத்தால் பெயர்ச்சிக்கல் பெருமளவு நீங்கும்.

கல்வெட்டுகளுக்கு இம்மரபு முன்பே உண்டு. ஆண்டறிக்கையின் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த குறிப்பை அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக மேற்கோளாகக் கையாள்கின்றனர். அச்சுநூலில் வாழும் இவ்வடையாளம் எண்மமாக்கத்தில் கோப்பின் பெயருக்குள்ளும் பக்க எண்ணுக்குள்ளும் மறைந்துவிடுவது பெருங்குறையாகும்.

வாசிப்பும் விளக்கமும்

கல்வெட்டைச் சிறு சிறு தரவுகளாகப் பிரித்தால் சூழல் சிதையும் என்ற தயக்கம் கல்வெட்டியலாரிடம் உண்டு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. பள்ளிமடத்தில் சடையமாறனின் கல்வெட்டுகளும் சோழன் தலைகொண்ட வீரபாண்டியனின் கல்வெட்டுகளும் உள்ளன. ‘சடையமாறன்’ என்பது கல்லில் உள்ள வாசகம். அவன் இன்ன இராசசிம்மன் என்பது ஆய்வாளரின் முடிபு. இரண்டையும் ஒரே கட்டத்தில் இட்டு ‘அரசன்’ எனப் பெயரிடும் தரவுத்தளம், கருத்தைச் சான்றாக மாற்றிவிடுகிறது. ஆட்சியாண்டும் அதற்கு இணையாகக் கூறப்படும் பொது ஆண்டும் அத்தகையனவே. எனவே வாசகம், ஐயத்திற்குரிய எழுத்து, அடையாளப்படுத்தல், அதைச் செய்தவர், திருத்தப்பட்ட நாள் ஆகியவை தனித்தனியே விடையில் வர வேண்டும். கல்வெட்டுப் பதிப்புக்குரிய எபிடாக் குறியீட்டு முறை இதற்கு இடமளிக்கிறது. 2019இல் தொடங்கிய ஐரோப்பிய நிதியுதவித் திட்டமான தர்மா, தமிழ்க் கல்வெட்டுகளையும் இம்முறையில் பதிப்பிக்கிறது.

இவ்வாறு பிரித்த தரவு புதிய வினாக்களுக்கு வழிதிறக்கும். பள்ளிமடத்துக் கோயில், சுந்தரபாண்டிய ஈசுவரம் எனும் பள்ளிப்படை. இக்காலக் கோயிற் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடுகள் கொடையாக வழங்கப்படுவது பெருவழக்கு. ‘சாவா மூவாப் பேராடு’ எனும் தொடர் பயின்றுவரும் கல்வெட்டுகளை எல்லாம் ஊர், காலம், ஆட்டின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஒருசேரப் பெற முடிந்தால், வறண்ட நிலத்து மேய்ச்சல் பொருளாதாரத்தை ஆற்றுப்படுகையோடு ஒப்பிட்டு ஆராயலாம். சோழமண்டலத்தில் ஒரு விளக்குக்கு 90, 96 எனப் பெரிதும் காணப்படும் எண்ணிக்கை இங்கு எவ்வாறு மாறுகிறது, ஏன் மாறுகிறது என வினவலாம். இன்று இதற்குத் தொகுதி தொகுதியாகப் புரட்டிப் பல மாதம் உழைக்க வேண்டும்.

திறப்பின் எல்லை

எல்லாவற்றையும் திறந்துவிடுவதும் பொறுப்பாகாது. முதுமக்கள் தாழிகள் புதைந்த மேடுகளின் துல்லியமான ஆயத்தொலைவுகளை வெளியிடுவது, காவலற்ற ஊர்ப்புறங்களில் தோண்டுவோருக்கு வழிகாட்டுவதாக முடியலாம். ஓப்பன் கான்டெக்ஸ்ட் வழியாக வெளிவரும் வட அமெரிக்கத் தொல்லிட எண்மச் சுட்டி, இடங்களைச் சுமார் 20 கிலோமீட்டர் கட்டங்களாகவே பொதுமக்களுக்குக் காட்டுகிறது. கோயிற் கல்வெட்டுகளுக்குத் துல்லிய இடமும், காப்பற்ற புதைமேடுகளுக்குத் தோராய இடமும் தரும் இருநிலை முறை தமிழகத்திற்குப் பொருந்தும்.

முடிவுரை

எம்.ரெட்டியபட்டி குறித்த எளிய வினாவுக்கு இன்றைய எண்மச் சேகரங்கள் நேரடியாக விடை தருவதில்லை. அதற்குக் காரணம் சான்று இன்மையன்று. சான்றும் இடமும் நிலையான அடையாளத்தால் இணைக்கப்படாமையே. அவ்விணைப்பு இல்லாமல் அமைக்கப்படும் இடைமுகம், படக்கோப்புகளை விரைந்து அனுப்பும் வாயிலாக மட்டுமே இருக்கும். ஆகவே பணி இடைமுகத்தில் தொடங்காமல், ஆண்டறிக்கை எண்ணையும் கிராமக் குறியீட்டெண்ணையும் அடிப்படையாகக் கொண்ட பதிவுப் பட்டியலில் தொடங்க வேண்டும். திருச்சுழி போன்ற ஒரே வட்டத்தை எடுத்துக்கொண்டு இதனை முழுமையாகச் செய்து காட்டுவது, மாநிலம் முழுவதற்கும் பெரிய தளம் ஒன்றை அறிவிப்பதைவிடப் பயன் மிக்கது.