பொடி வைத்து ஊதும் அறைக்கு ஒரு பொது ஒழுங்கு

கோவை செல்வபுரத்திலும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் நகையைப் பற்றவைக்கும் முறை ஒன்றுதான். மூட்டுவாயில் வெங்காரம் தடவி, உருகி ஒட்டவைக்கும் உலோகக் கலவையான பொடியை வைத்து, தீயைக் கூராக்கி ஊதுவார்கள். அந்தத் தீயிலிருந்தும் புகையிலிருந்தும் பக்கத்தில் இருப்பவரைக் காப்பது யார் என்பதற்கு மட்டும் இரு நாடுகளிலும் வெவ்வேறு பதில்.

கோவையில் ஒரே கூடத்தில் பல ஆசாரிகள் வரிசையாக அமர்ந்து, கடைகளுக்காகக் கூலி வேலை செய்வது வழக்கம். பொன்தூள் பறந்துவிடும், தீநாக்கு ஆடும் என்று மின்விசிறியை நிறுத்திச் சன்னலையும் சாத்திவிடுவார்கள். தூளைக் காக்கும் அந்தக் கவனம்தான் புகையையும் உள்ளேயே பூட்டிவைக்கிறது. பொடியில் காட்மியம் கலந்திருந்தால், அது 767 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். ஊதும் தீ அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். மூச்சில் ஏறிய ஆவி அப்போதைக்கு ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வரும். நாள்பட்டால் சிறுநீரகம் கெடும். காட்மியம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993லேயே வகைப்படுத்திவிட்டது. ஒருவர் ஊதினால் கூடமே சுவாசிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பட்டறை சிறிது. கடையின் பின்புறத்திலோ வீட்டோடு ஒட்டியோ இருக்கும். கூட்டம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் வாங்கிய பழைய நகை பழுதுக்கு வந்தால், அது காட்மியப் பொடியால் பற்றவைத்த கேடிஎம் நகையா என்று பத்தருக்குத் தெரியாது. அப்படியானால், சூடேற்றும்போது கோவையில் எழுந்த அதே புகைதான் இங்கும் எழும்.

சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையோடு 10 பேர், மின்விசையின்றி 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று எல்லை வகுத்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20, 40 என உயர்த்தியது. சிறு பட்டறைகள் இந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அப்படித் தலை எண்ணுவதில்லை. ஆனால் அது கூலிக்கு ஆள் வைத்த இடத்தைப் பற்றியே பேசுகிறது; அப்பாவும் மகனும் ஊதும் பட்டறைக்கு அதுவும் எட்டாது. தங்கத்துக்கோ இரு நாடுகளிலும் காவல் உண்டு. இந்தியாவில் ஹால்மார்க் 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. இலங்கையில் தேசிய இரத்தினக்கல், தங்க ஆபரண அதிகாரசபை தூய்மையை ஆய்ந்து முத்திரையிடுகிறது. வாங்குபவரின் பணம் காக்கப்படும் அளவுக்குச் செய்பவரின் நுரையீரல் காக்கப்படவில்லை.

புகைக்கு அடுத்து, ஊதும் தீக்கான எரிவாயு விஷயத்தில் இலங்கையிடம் கற்கலாம். 2021 இறுதியில் அங்கே வீடுகளில் அடுத்தடுத்து எரிவாயு வெடிப்புகள் நடந்தன; குழாய் மூட்டில் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்ப்பது அப்போது ஊர்ப்பேச்சானது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். தரையில் சம்மணமிட்டு ஊதுபவரின் முகமும் தீயும் அதற்கு மிக அருகில் இருக்கின்றன. நின்று சமைப்பவரைவிட அவருக்கே நுரைச் சோதனை அவசியம்.

ஆகவே ஒழுங்கை அந்தந்த அறையே வகுக்க வேண்டும். காட்மியப் பொடி வாசலுக்குள் வரக்கூடாது. துத்தநாகப் பொடி போதும். அதுவும் புகையும் என்பதால், முகத்துக்கு எதிர்ப்புறமாகப் புகையை இழுத்து வெளியே தள்ளும் குழாய் வேண்டும். அதில் வடிகட்டி வைத்தால் பொன்தூளும் மிஞ்சும். நனைத்த துணியை மூக்கில் கட்டுவதால் ஆவி நிற்காது. பழுதுக்கு வரும் நகையின் பொடி தெரியாதவரை அதைக் காட்மியம் என்றே கொள்ள வேண்டும். நகையைத் துலக்கும் திராவகத்தைக் கலக்கும்போது, திராவகத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கடைசியாக எழுபவர் சிலிண்டர் வாயை மூட வேண்டும்.

இதற்கான செலவை ஆசாரியின் கூலியிலிருந்து பிடிப்பது அநியாயம். சேதாரத்துக்கும் செய்கூலிக்கும் கணக்கு எழுதும் கடைக்காரர், புகைக்குழாய்க்கும் ஒரு வரி எழுதட்டும். ஆசாரிகளின் சங்கங்கள் கேட்டால் இரு கரையிலும் இது நடக்கும்.