காத்திருப்போர் கதை

புலம்பெயர்வைப் பொருளாகக் கொண்டு எழுந்த கதைகளும் நாவல்களும் பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே காலூன்றி நிற்கின்றன. ஒன்று விட்டுப் பிரிந்த ஊர். மற்றொன்று சென்று சேர்ந்த நகர். இவ்விரண்டிற்குமிடையே மனிதன் சான்றிதழ்களைச் சுமந்துகொண்டு காரியாலயங்களின் வாங்குகளிற் காத்திருக்கும் காலமொன்று உண்டு. அக்காலம் இலக்கியத்தில் அருகியே இடம்பெறுகின்றது. பயணம் என்றாற் கப்பலும் விமானமுமே என எண்ணுவோருக்கு அது வெறுந் தாமதமாகத் தோன்றலாம். ஆயின், வறிய நாடொன்றிலிருந்து செல்வ நாடொன்றுக்குப் போக முனைபவனின் வாழ்வை ஆராய்வோமாயின், அவனை உருமாற்றும் காலம் அதுவே என்பது புலனாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் லொத்தர் வீசாத் திட்டம் இதனை நோக்குவதற்கு வாய்ப்பானதோர் உதாரணம். அதனைத் தொட்டுச் செல்லும் இரு எழுத்துக்களை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று நைஜீரிய எழுத்தாளர் சிமமந்தா இங்கோசி அடிச்சியின் 'த திங் அரவுண்ட் யுவர் நெக்' என்னுஞ் சிறுகதை. 2009இல் அதே தலைப்புடன் வெளிவந்த தொகுதியில் உள்ளது. மற்றையது அமெரிக்க மானிடவியலாளர் சார்ல்ஸ் பியொட், டோகோ நாட்டவரான கோஜோ நிக்கொலா பாட்டேமாவின் துணையுடன் எழுதி 2019இல் வெளியிட்ட 'த பிக்ஸர்'. முன்னது புனைகதை, பின்னது கள ஆய்வு. இலக்கிய விமர்சனத்தில் கள ஆய்வு நூலுக்கு என்ன வேலை எனச் சிலர் கேட்கக்கூடும். வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கதாசிரியர் கைவிட்டுச் செல்லும்போது அதனைக் கையேற்பவர் எவராயினும் அவரை நாம் படித்தே ஆகவேண்டும்.

முதலில் திட்டத்தின் பொறிமுறையை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் உருவாகி, 1995ஆம் நிதியாண்டு முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆண்டொன்றுக்கு 55,000 வீசாக்கள் சட்டத்தில் வகுக்கப்பட்டன. பின்னர் நடைமுறையில் அத்தொகை சில ஆயிரங் குறைந்தது. அமெரிக்காவுக்கு ஏற்கெனவே பெருந்தொகையானோரை அனுப்பிய நாடுகளில் பிறந்தோர் விண்ணப்பிக்க முடியாது. இந்தியர் இவ்வாறு விலக்கப்பட்டனர், இலங்கையருக்கு இடமிருந்தது. ஆதலின் இது நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதியன்று. பிறந்த நாட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது கல்வி. பன்னிரண்டு ஆண்டுப் பாடசாலைக் கல்வியை நிறைவு செய்திருத்தல் வேண்டும். அன்றேல், இரண்டாண்டுப் பயிற்சியையேனும் வேண்டிநிற்கும் தொழிலொன்றில், கடந்த ஐந்தாண்டுகளுள் இரண்டாண்டு அனுபவம் இருத்தல் வேண்டும். எந்தத் தொழில் அத்தகையது என்பதை அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் வகைப்பாடே தீர்மானிக்கின்றது. பட்டறையொன்றில் ஆசானிடம் தொண்டுசெய்து தொழில் பழகியவனின் கைத்திறன், வாஷிங்டனில் வகுத்த கட்டங்களுள் ஏதோவொன்றிற் பொருந்தியாக வேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. விண்ணப்பிக்கும் வேளையில் எவரும் சான்றிதழ் காட்டவேண்டியதில்லை. பெயர் முதலில் குலுக்கி எடுக்கப்படுகின்றது. தகுதி பின்னர்தான் சோதிக்கப்படுகின்றது. ஏறக்குறைய ஐம்பதினாயிரம் வீசாக்களுக்கு, பல ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் தெரிவுசெய்யப்பட்டனர். தெரிவுற்ற ஒவ்வொருவருக்கும் பிராந்தியவாரியாக ஓர் இலக்கம் கிடைக்கும். மாதந்தோறும் வெளியாகும் அறிக்கையில் எந்த இலக்கம்வரை நேர்முகத்துக்கு அழைக்கப்படும் என்பது குறிக்கப்படும். நிதியாண்டு செப்டெம்பர் 30ஆந் திகதியுடன் முடிவடைகின்றது. அதற்குள் வீசாக் கிடைக்காதவனின் இலக்கம் ஒக்டோபர் முதலாந் திகதி செல்லாக்காசு. அடுத்த ஆண்டுக்கு அது கொண்டுசெல்லப்படமாட்டாது.

இருப்பதைக் காட்டிலும் இருமடங்கு பேரை ஏன் தெரிவுசெய்கின்றனர்? பலர் இடையில் விழுந்துவிடுவர் என்பது கணக்கு. சான்றிதழ் இல்லாதோர், கட்டணஞ் செலுத்த இயலாதோர், ஆரம்ப விண்ணப்பத்தில் மனைவியையோ பிள்ளையையோ குறிப்பிடத் தவறியோர் ஆகியோர் உதிர்ந்துபோவர். அவ்வுதிர்வை எதிர்பார்த்தே தெரிவின் தொகை வகுக்கப்படுகின்றது. குலுக்கலில் வர்க்கபேதம் இல்லை என்பது உண்மையே. அமைச்சரின் மகனும் மூட்டை சுமப்பவனின் மகனும் கணினியின் முன் ஒன்றே. ஆனால் குலுக்கலுக்கும் வீசாவுக்குமிடையே கிடக்கும் அந்த ஓராண்டில், வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட வர்க்கம் பின்கதவால் உள்ளே வந்துவிடுகின்றது.

அடிச்சியின் கதையை இப்பின்னணியில் வைத்து வாசிக்கும்போது அதன் வலுவும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. அமெரிக்காவிலுள்ள உறவினர் ஒருவர் குடும்பத்தார் அனைவரின் பெயர்களையும் லொத்தருக்கு அனுப்ப, அகுன்னா என்னும் இளம்பெண்ணுக்கு வீசா விழுகின்றது. லாகோஸ் நகரில் வாழும் ஏழைக் குடும்பம். தந்தை கம்பனியொன்றிற் சாரதி. வெற்றிச் செய்தி பரவியதும் உற்றாரும் உறவினரும் வந்து, கைப்பையும் சப்பாத்தும் வாசனைத் திரவியமும் அனுப்பும்படி கேட்கின்றனர். அத்துடன் லாகோஸ் முடிந்துவிடுகின்றது, அடுத்து அமெரிக்கா. அங்கு உறவினரின் அத்துமீறலிலிருந்து தப்பி வேறு நகருக்குச் சென்று, உணவகத்தில் வேலைசெய்து, தன் சம்பளத்திற் பாதியைக் கடிதம் எதுவுமின்றி மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புகின்றாள் அவள். எழுதுவதற்குச் சொற்கள் இல்லாமையால் பணம் மட்டுமே செல்கின்றது. நூறு சொற்பொழிவுகள் சொல்லாத உண்மை இது. கதை முழுவதையும் 'நீ' என முன்னிலையில் நடத்திச் செல்லும் உத்தியும் இங்கு வெறும் அலங்காரமாக நில்லாமல், தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கும் பெண்ணின் தனிமையை உணர்த்துகின்றது.

ஆயினும் ஒரு கேள்வி எழாமற் போகாது. சாரதியின் மகள் நேர்முகத்துக்கான கட்டணத்தை எங்கிருந்து பெற்றாள்? வைத்தியப் பரிசோதனைக்கும் விமானச் சீட்டுக்கும் யார் கொடுத்தார்? கதையில் லொத்தர் விதியைப் போல வந்து விழுகின்றது. உழைப்பும் கடனும் அதில் ஒட்டவில்லை. மத்தியதர வர்க்க எழுத்தாளரின் பேனா இவ்விடத்திற் சற்றுத் தாவிச் செல்கின்றது எனலாம். சிறுகதையின் எல்லைக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதை அறிவோம். ஆனால் எதனைச் சொல்லாமல் விடலாம் என ஓர் எழுத்தாளர் எண்ணுகின்றார் என்பதிலும் அவரது நோக்கு வெளிப்படவே செய்கின்றது.

பியொட்டின் நூல் அடிச்சி தாவிய இடத்திலேயே குடியிருக்கின்றது. களம் டோகோவின் தலைநகரான லோமே. 1960இல் பிரான்சிடமிருந்து சுதந்திரம் பெற்ற இந்தச் சின்னஞ்சிறு மேற்காபிரிக்க நாட்டை, 1967 முதல் 2005இல் இறக்கும்வரை எயடேமா ஆண்டார். அவருக்குப் பின் அவர் மகன். பனிப்போர் முடிந்ததும் மேற்கு நாடுகளின் உதவி வற்றியது. 1994 ஜனவரியில் சிஎப்ஏ பிராங் நாணயத்தின் மதிப்பு ஒரே நாளிற் பாதியாக்கப்பட்டது. பட்டம் பெற்ற ஆசிரியன் காலையில் எழுந்தபோது அவனது சம்பளம் வெளிநாட்டுப் பண்டங்களின் முன் பாதியாகச் சுருங்கியிருந்தது. அவ்வாறான ஒரு நாட்டின் இளைஞர்கள் லொத்தர் வீசாவுக்கு வரிசையில் நின்றதைக் கண்டு, 'அமெரிக்க மோகம்' என ஏளனஞ் செய்வோர் நம் அணியிலும் உளர். தேசப்பற்றைப் பற்றிய அவர்களது உபதேசம் பெரும்பாலும் நிரந்தர உத்தியோகத்தின் மேலமர்ந்து செய்யப்படுவது. அவ்விளைஞர்களின் மோகத்தை ஆராயுமுன் அந்த 1994 ஜனவரியை அவர்கள் ஆராயட்டும்.

நூலின் நாயகர் பாட்டேமா. இலக்கம் பெற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, ஆவணங்களைச் சேர்ப்பது, தூதரகத்தில் எக்கேள்வி எழும் எனக் கணித்துப் பயிற்சி அளிப்பது அவரது தொழில். நம் நாட்டிலாயின் 'ஏஜென்சிக்காரர்' என்போம். அச்சொல்லில் நாம் ஏற்றி வைத்திருக்கும் கசப்பு இந்நூலில் இல்லை. தூதரக அதிகாரி புதுக் கேள்வியைக் கண்டுபிடிக்கின்றார். இவர் புது விடையைக் கண்டுபிடிக்கின்றார். நேர்முகம் முடித்து வந்தவரிடம் கேட்ட கேள்விகளை அறிந்து அடுத்தவருக்குப் பாடஞ் சொல்கின்றார். பாட்டேமாவின் பெயரை நூலின் முகப்பிலேயே இட்ட பியொட்டின் நேர்மை பாராட்டத்தக்கது. தகவல் தந்தவரை அடிக்குறிப்பிற் புதைத்துவிடும் வழக்கமுடைய துறை அது.

நூலின் மிகச் சிறந்த பகுதி பணத்தையும் திருமணத்தையும் பற்றியது. வீசாக் கட்டணம் ஆளுக்கு 330 டொலர். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 1,320 டொலர். வைத்தியப் பரிசோதனையும் பயணமும் வேறு. வீசா மறுக்கப்படினும் கட்டணம் திரும்பிவராது. இலக்கம் பெற்ற ஏழை இத்தொகைக்கு எங்கே போவான்? அவனுக்காகச் செலவு செய்ய ஒருவர் முன்வருகின்றார். பெரும்பாலும் ஏற்கெனவே வெளிநாட்டிலுள்ள டோகோவினர். பிரதியுபகாரமாக அவரது உறவினர் ஒருவரை மனைவியாகவோ கணவனாகவோ கோவையிற் சேர்க்கவேண்டும். தெரிவுக்குப் பின் மணம் முடித்தவரையும் அழைத்துச் செல்லச் சட்டம் இடமளிக்கின்றது. அந்த இடைவெளியிலேயே இவ்வணிகம் முளைக்கின்றது. அதிர்ஷ்டம் ஏழையின் கையில் விழுந்த மறுகணமே விலைப்பண்டமாகின்றது. அதன் ஒரு பாதியை விற்றாலன்றி மறுபாதியை அவன் அனுபவிக்க முடியாது. பின்னர் தூதரகத்தில், மணம் மெய்யா பொய்யா எனத் துருவித் துருவிக் கேட்கப்படுகின்றது. பொய்க்கான தேவையை உண்டாக்கிய கட்டணத்தைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை.

இவ்வளவையும் கண்டெழுதிய பியொட், அவற்றை எவ்வாறு மதிப்பிடுகின்றார் என்பதிலேயே நாம் அவருடன் முரண்படுகின்றோம். தரகரின் சாதுரியத்தில் அவர் மனதைப் பறிகொடுத்துவிடுகின்றார். அதிகாரத்தை ஏய்க்கும் எளியோரின் கற்பனைவளம் அவரைக் கவர்கின்றது; நூலின் நடையிலும் அந்தக் குதூகலம் துள்ளுகின்றது. வாசிப்பதற்குச் சுவையாகவே இருக்கின்றது. ஆனால் ஆட்டத்தின் சுவையை உணர்வது ஆட்டக்காரனுக்கே எளிது. பந்தயமாக வைக்கப்பட்டவனுக்கு அன்று. நேர்முகத்தில் தோற்றவன் வாங்கிய பணத்தை எத்தனை ஆண்டுகள் உழைத்துத் தீர்க்கின்றான்? யாரோ ஒருவரின் பணத்தினால் யாரோ ஒருவரின் மனைவியாக்கப்பட்ட பெண், அக்காகிதத் திருமணத்தில் எதனை இழக்கின்றாள்? இவர்கள் நூலில் வந்து போகின்றனர். நூலின் மையத்துக்கு வருவதில்லை. மையத்தில் தரகரே வீற்றிருக்கின்றார். எளியோரின் சூழ்ச்சித்திறனைப் போற்றுவது இன்றைய மேற்கத்தியப் புலமையுலகில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. சுரண்டலைப் பேசுவதிலும் பார்க்க அது இதமானது.

திட்டத்தின் பிறப்பை ஒப்பிட்டுப் பார்த்திருப்பின் இக்குறை ஓரளவு நீங்கியிருக்கும். இத்திட்டத்தின் முன்னோடி ஆபிரிக்கருக்காக எழுந்ததன்று. 1980களில் அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்ந்த அயர்லாந்து இளைஞருக்காக, அங்குள்ள அயர்லாந்து வம்சாவழி அரசியல்வாதிகள் திறந்த கதவு அது. 1992 முதல் 1994 வரையிலான இடைக்காலத் திட்டத்தில் ஆண்டுக்கு 40,000 வீசாக்களுள் 40 சதவீதம் அயர்லாந்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1991 ஒக்டோபரில், விண்ணப்பக் கடிதங்களை முந்திச் சேர்ப்பிக்க வெர்ஜீனியாவின் மெரிபீல்ட் தபாலகத்துக்குக் கூட்டங் கூட்டமாக மக்கள் திரண்டனர். ஒருவரே பல கடிதங்களை அனுப்புவதும் அன்று வழக்கமாயிருந்தது. அன்று அதற்கு முயற்சி என்று பெயர். லோமேயில் விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொடுத்தால் மோசடி என்ற சந்தேகம் எழுகின்றது.

காத்திருப்போரின் நிலை எத்துணை நொய்மையானது என்பதற்குப் பிற்காலச் சம்பவங்களும் சான்று. 2011 மே மாதத்தில் ஏறக்குறைய 22,000 பேருக்குத் தெரிவுச் செய்தி கிடைத்தது. சில நாட்களில், கணினி பிழைவிட்டது எனக் கூறித் தெரிவு முழுவதும் ரத்தாயிற்று. விண்ணப்ப காலத்தின் முதலிரு நாட்களில் வந்தோரையே அது பெரும்பாலும் பொறுக்கிவிட்டதாம். 2020இல் பெருந்தொற்றைக் காரணங் காட்டி வீசா வழங்கல் நிறுத்தப்பட்டபோது, காத்திருந்தோர் வழக்குத் தொடுத்தனர். ஒரு நீதிமன்றம் அவர்களுக்கெனச் சில ஆயிரம் வீசாக்களை ஒதுக்கிவைக்கும்படி பணித்தது. 2024இல் மேல் நீதிமன்றம் அதனைக் கவிழ்த்து, நிதியாண்டு முடிந்தால் உரிமையும் முடிந்தது எனத் தீர்ப்பளித்தது. அரசே தாமதித்து, அத்தாமதத்தையே காரணங் காட்டி மறுக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

டோகோவின் கதைக்கு 2025 ஜூனில் வேறொரு திருப்பம் ஏற்பட்டது. அம்மாதம் வெளியான அமெரிக்க ஜனாதிபதியின் பிரகடனம், நிரந்தரக் குடியேற்றத்துக்காக வரும் டோகோ நாட்டவரின் பிரவேசத்தை நிறுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் லொத்தர் திட்டமே இடைநிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2019இல் வந்த நூலில் இதற்கு இடமிருக்க நியாயமில்லை. ஆனால் இலக்கம் கையிலிருக்கக் கதவு மூடப்பட்டவர்களைப் பற்றி இனி எவரேனும் எழுதுவாராயின், அந்நூல் பியொட்டின் நூலிலிருந்து பெரிதும் வேறுபட்டே அமையும். புதுக் கேள்விக்குப் புது விடை காணும் வித்தைக்கு அதில் இடமில்லை. நேர்முகமே இல்லாதபோது தரகர் நாயகராக நிற்க முடியாது. கடன் கொடுத்தவரும் கடன் பட்டவருமே அதன் பாத்திரங்கள்.